மூக்கைப் பொத்தாமல் பார்த்த மாணவி

டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்த தலைமுறை வையம்பட்டி, மணப்பாறை பக்கம் இன்னும் இருக்கிறது. அவர்களைக் கேட்டால் எம்.ஜி.ஆர். படத்துக்கு முன்னால் ஓடிய நியூஸ் ரீலைப் பற்றிச் சொல்வார்கள். அணைக்கட்டு, வெள்ளச் சேதம், கொடியேற்றம் எல்லாம் கறுப்பு வெள்ளையில் ஓடும். பீடி பற்றவைக்கவும் கடலை வாங்கவும் ஒதுக்கிய நேரம் அது. 1948-இல் மத்திய அரசு தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷன் தயாரித்த படங்கள் அவை. தியேட்டர்காரர்கள் கட்டாயம் போட்டாக வேண்டும்.

அந்த அரசு நிறுவனத்துக்குள்ளேயே சம்பளம் வாங்கிக்கொண்டு சிலர் விசித்திரமான படங்களையும் எடுத்தார்கள். பிரமோத் பதி 1968-இல் எடுத்த 'எக்ஸ்ப்ளோரர்' அப்படி ஒன்று. சில நிமிடங்கள்தான் ஓடும். கதை கிடையாது, விளக்கும் குரல் கிடையாது. ஆடும் இளைஞர்கள், சாமி படங்கள், ஆய்வகக் கருவிகள் என்று கண்ணைச் சிமிட்டுவதற்குள் காட்சி மாறிக்கொண்டே இருக்கும். கதை, நாயகன், பாட்டு என்று பழகிய பாதையை விட்டுவிட்டு, படம் வேறு எப்படியெல்லாம் இருக்கலாம் என்று தேடும் இத்தகைய படங்களைப் பரிசோதனைப் படங்கள் என்கிறார்கள்.

இதையெல்லாம் இந்தப் பத்தியில் எழுத வைத்தவர் வையம்பட்டிக்கு அருகில் உள்ள ஒரு காலனியைச் சேர்ந்த மாணவி. பி.ஏ. இரண்டாம் ஆண்டு. படித்து முடித்தால் அவர் குடும்பத்தில் முதல் பட்டதாரி. விடிந்ததும் பஸ் பிடித்துத் திருச்சிக்குப் போய், இருட்டும் நேரத்தில் திரும்புகிறார். அப்பா வேலிக்குக் கல்லுக்கால் ஊன்றும் கூலி. அம்மா ஊராட்சியில் தூய்மைக் காவலர். தன் பெயரும் கல்லூரியின் பெயரும் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதன் நியாயம் போகப் போக உங்களுக்கே விளங்கும்.

அவர் கல்லூரியில் ஒரு பிற்பகல் மூன்று குறும்படங்களைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். பார்த்ததைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். மாணவி எழுதியது பதினோரு பக்கம். இரண்டு பக்கத்தைக் கல்லூரியில் கொடுத்துவிட்டு மிச்சத்தை எங்கள் படிப்பகத்துக்குக் கொண்டு வந்தார். "இதை அங்க கொடுக்க முடியாது அண்ணே" என்று நோட்டை நீட்டினார். அவர் சம்மதத்தோடுதான் அதிலிருந்து எழுதுகிறேன்.

'எக்ஸ்ப்ளோரர்' பற்றி நோட்டில் நாலு வரிதான் இருக்கிறது. முதலில் தலை வலித்ததாம். எப்போது நிறுத்துவார்கள் என்று இருந்ததாம். பிறகு ஒரு கேள்வி: "பஸ்ல போகும்போது நான் தள்ளித் தள்ளிப் பாக்குற ரீல்ஸும் இப்படித்தானே ஓடுது? 1968-லயே ரீல்ஸ் எடுத்துட்டாங்களா?" சினிமா படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். எனக்கு இது சரியான விமர்சனமாகவே பட்டது. அந்தக் காலத்தில் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவருக்குப் புரியாமல் போன வேகம் இன்று கையில் செல்போன் வைத்திருக்கும் எல்லாருக்கும் பழகிவிட்டது. புரியாத படம் என்று யாராவது சொன்னால், யாருக்கு, எந்த வருடத்தில் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

வேலி ஊன்றியது யார்?

இரண்டாவது படம் 'நெய்பர்ஸ்'. பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று பொருள். கனடா நாட்டின் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக நார்மன் மெக்லாரன் 1952-இல் எடுத்தது. எட்டு நிமிடம். கொரியப் போர் நடந்துகொண்டிருந்த காலம். இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து வீட்டில் சாய்வு நாற்காலி போட்டு நிம்மதியாகப் பேப்பர் படிக்கிறார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பூ முளைக்கிறது. முதலில் இருவரும் மகிழ்கிறார்கள். பூ யாருக்கு என்று பேச்சு வருகிறது, வேலி வருகிறது, கைகலப்பு வருகிறது. கடைசியில் வீடு போய், பெண்டாட்டி பிள்ளை போய், இருவரும் செத்து விழுகிறார்கள். அண்டை வீட்டாரை நேசிக்கச் சொல்லும் வாசகம் பல மொழிகளில் வந்து படம் முடிகிறது.

பொம்மைப் படம் எடுப்பதுபோல மனிதர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நிறுத்தி ஒவ்வொரு சட்டமாக எடுத்த படம் இது. அதனால் ஆட்கள் தரையில் நிற்கும்படியே சறுக்கிப் போவார்கள். இசையைக்கூட ஆளை வைத்து வாசிக்காமல் ஃபிலிமின் ஒலிப்பட்டையிலேயே கீறி உண்டாக்கினார் மெக்லாரன். ஆஸ்கர் விருதும் வாங்கியது. வேடிக்கை என்னவென்றால், சிறந்த ஆவணக் குறும்படம் என்ற பிரிவில் கொடுத்தார்கள்.

வகுப்பில் ஆசிரியர் போரின் கொடுமை, அண்டை நாட்டுப் பகை, மனித நேயம் என்று விளக்கியிருக்கிறார். தவறில்லை. எடுத்தவரின் நோக்கமும் அதுதான். கல்லூரியில் கொடுத்த இரண்டு பக்கத்தில் மாணவியும் அதையே எழுதியிருக்கிறார். நோட்டில் எழுதியது வேறு:

"ரெண்டு பேரும் அவங்களே வேலி போட்டுக்கிறாங்க. எங்க ஊர்ல அப்படி நடக்காது. கல்லுக்கால் ஊன்ற எங்கப்பாவைத்தான் கூப்பிடுவாங்க. ஊன்றி முடிச்சதும் வேலிக்கு வெளியில நிக்க வெச்சுக் கூலி கொடுப்பாங்க. வரப்புச் சண்டை வந்தா ரெண்டு பக்கமும் எங்கப்பாவைத்தான் கேப்பாங்க, நீ எந்த எடத்துலடா ஊன்றுனன்னு. எங்களுக்கு வரப்பே இல்ல. சண்டை போடக்கூட நெலம் வேணும்."

நான் எம்.ஏ. தமிழ் படித்தவன். ஒரு பனுவலில் யார் இல்லை என்று பார்ப்பதும் வாசிப்புதான் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு வெளிநாட்டு அறிஞர்களின் பெயர்கள் நிறைய வைத்திருந்தார்கள். இந்த மாணவி அந்தப் பெயர் எதையும் கேள்விப்பட்டதில்லை. வேலி போட்ட மூன்றாவது ஆளை எட்டு நிமிடத்தில் அவர் தேடிவிட்டார், ஏனென்றால் அந்த மூன்றாவது ஆள் அவருடைய அப்பா.

மாணவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வரப்பில்லாமை தலையெழுத்தல்ல. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அதைத் தொடர்ந்து 1892-இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க அன்றைய சென்னை மாகாண ஆட்சி முன்வந்தது. பஞ்சமி நிலம் என்பது அதுதான். 12 லட்சம் ஏக்கர் என்று கணக்குச் சொல்லப்படுகிறது. பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தும் பெரும்பகுதி கை மாறிவிட்டது. அதை மீட்கப் போராடித்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். உங்கள் ஊரின் பழைய 'அ' பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஓர் எழுத்துப் பெயர்

மூன்றாவது படத்தின் பெயர் ஓர் எழுத்து. 'பீ'. மதுரையைச் சேர்ந்த ஆர்.பி. அமுதன் 2003-இல் எடுத்தது. 1998-இலிருந்து மதுரையில் ஆவணப்பட, குறும்படத் திருவிழா நடத்தி வருபவர் இவர். மதுரையில் மக்கள் திறந்தவெளிக் கழிப்பிடமாக்கிவிட்ட ஒரு தெருவைச் சுத்தம் செய்யும் மாரியம்மாள் என்ற துப்புரவுப் பணியாளரின் வேலையை அந்தப் படம் கூடவே போய்ப் பார்க்கிறது. அவ்வளவுதான் படம். புள்ளிவிவரம் வராது, அமைச்சர் வரமாட்டார், சோக இசை வராது. அவர் அள்ளுகிறார், பேசுகிறார், திட்டுகிறார், மறுபடி அள்ளுகிறார்.

கல்லூரி அறிவிப்புப் பலகையில் இந்தப் படத்தின் ஆங்கிலப் பெயரைத்தான் எழுதியிருந்தார்களாம். மற்ற இரண்டுக்கும் உள்ள பெயர், இதற்கு மட்டும் மொழிபெயர்ப்பு. "இங்கிலீஷ்ல எழுதினா நாறாது போல" என்பது மாணவியின் குறிப்பு.

விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டதும் நடந்ததை அவர் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். முன் பெஞ்சில் ஒருத்தி துப்பட்டாவால் மூக்கை மூடினாள். பிறகு அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள். பிறகு பையன்கள் பக்கம். ஒருவன் வாந்தி எடுப்பதுபோல் சத்தம் கொடுத்தான், சிரிப்பு எழுந்தது. ஆசிரியர் அதட்டினார். ஒரு வரியில் மாணவி எழுதுகிறார்: "படத்துல நாத்தம் வராது. ஆனா எல்லாரும் மூக்கைப் பொத்துனாங்க. நான் பொத்தலை. பொத்தாததை யாராவது பாத்துட்டா கண்டுபிடிச்சிடுவாங்களோன்னு பயமா இருந்துச்சு. அப்பறம் நானும் கையை மூக்குக்கிட்ட கொண்டு போனேன். வைக்கலை. அப்படியே கன்னத்துல வெச்சுக்கிட்டேன்."

இந்த வரியை நான் பலமுறை படித்தேன்.

அவருடைய அம்மா என்ன வேலை செய்கிறார் என்று அந்த வகுப்பில் யாருக்கும் தெரியாது. கேட்டவர்களிடம் "பஞ்சாயத்து ஆபீஸ்ல வேலை" என்று சொல்லி வைத்திருக்கிறார். அது பொய்யும் இல்லை. கல்வி உதவித்தொகைப் படிவத்தை யாரும் பார்க்காத நேரத்தில் அலுவலகத்தில் கொடுப்பது, அம்மா போன் செய்தால் வராந்தாவுக்குப் போய்ப் பேசுவது, இப்படிக் காத்து வந்ததை ஓர் அரை மணி நேரப் படம் மூக்குக்கும் கன்னத்துக்கும் நடுவே கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

அவர் படத்தில் கவனித்தவை வேறு யாரும் கவனித்திருக்க முடியாதவை. விளக்குமாற்றுச் சத்தத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். காய்ந்த தரையில் ஒரு சத்தம், ஈரத்தில் ஒரு சத்தம். அம்மா வாசலுக்குத் திரும்பும்போது வண்டிச் சக்கரம் போடும் சத்தத்தை வைத்தே அன்றைக்குக் குப்பை அதிகமா குறைவா என்று தனக்குத் தெரியும் என்கிறார். "பாட்டு போட்டிருந்தா இந்தச் சத்தம் கேட்டிருக்காது. அதுக்குத்தான் போடலை போல" என்று முடிக்கிறார். இசை இல்லாத படத்தை 'டிரை'யாக இருக்கிறது என்று வகுப்பில் ஒருவர் சொன்னாராம். அந்த மௌனத்தில் ஒருவருக்கு ஒன்றுமே இல்லை. இன்னொருவருக்கு அம்மாவின் வேலை நேரம் முழுவதும் இருந்தது.

படம் முடிந்ததும் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். கேமரா ஆடுகிறது என்றார் ஒருவர். மெதுவாகப் போகிறது என்றார் இன்னொருவர். நாலைந்து பேர் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "பாவம்." மாணவி எதுவும் சொல்லவில்லை.

இந்தப் 'பாவம்' எனக்குப் பிடிப்பதில்லை. சொல்கிறவருக்கு மனது லேசாகிவிடுகிறது, தெருவில் கிடப்பது அப்படியே கிடக்கிறது. நான் கேள்விப்பட்டவரை அந்த வகுப்பில் ஒருவர்கூட, அந்தத் தெருவில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிறவர்கள் யார் என்று கேட்கவில்லை. மாரியம்மாளுக்குச் சம்பளம் கொடுத்து அதை அள்ளச் சொன்ன நிர்வாகம் எது என்றும் கேட்கவில்லை. மலம் அள்ள ஆள் வைப்பதைத் தடை செய்யும் முதல் சட்டம் 1993-இல் வந்தது. படம் எடுத்தது பத்து வருடம் கழித்து. அந்தச் சட்டம் உலர் கழிப்பிடத்தை மட்டும் பேசியது. தெருவில் கிடப்பதை அள்ளினால் அது கணக்கில் வரவில்லை. 2013-இல் வந்த அடுத்த சட்டம்தான் திறந்த சாக்கடை, குழி, ரயில் தண்டவாளம் என்று வரையறையை விரித்தது. சாக்கடைக் குழியில் இறப்பவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. தொகை ஏறியிருக்கிறது. இறங்குவது நிற்கவில்லை.

இவ்வளவு சொன்னாலும் படத்தைப் போட்ட ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். போடாதவர்கள்தான் அதிகம். போடுவதற்கு முன்னால் பத்து நிமிடம் பேசியிருக்கலாம், இருட்டில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யோசித்திருக்கலாம், அவ்வளவே.

"நம்ம அசிங்கத்தை நாமே காட்டணுமா?"

நோட்டை மாணவியே படிப்பகத்தில் வாசித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவன் வெடித்தான். "எதுக்கு இதையே காட்டுறாங்க? நம்மாளு கலெக்டர் ஆனதைக் காட்டலாம்ல? நம்ம அசிங்கத்தை நாமே காட்டணுமா?"

அசிங்கம் யாருடையது என்று மாணவி திருப்பிக் கேட்டார். "போட்டவனோட அசிங்கம். அள்ளுறவங்களோடது எப்படி ஆவும்?" தம்பி விடவில்லை. சரி, எடுத்தவர் படம் எடுத்து விருது வாங்கிவிட்டார், அந்தம்மாவுக்கு என்ன கிடைத்தது? இந்தக் கேள்வி மாணவியின் நோட்டிலும் இருந்தது, அதனால் அவர் பேசாமல் என்னைப் பார்த்தார்.

எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். கேள்வி நியாயமானது, எல்லா ஆவணப்படக்காரரிடமும் கேட்க வேண்டியது. ஆனால் அந்தக் கேள்வியைப் படம் எடுத்தவரோடு நிறுத்திக்கொண்டால் மாநகராட்சி தப்பித்துவிடும். 'பீ' எடுத்ததோடு அமுதன் இந்த விஷயத்தை விடவும் இல்லை. எல்லோரும் சிலிர்த்துக் கேட்ட 'வந்தே மாதரம்' பாட்டுக்கு மலம் அள்ளுவோரின் காட்சிகளை வைத்து ஒரு படம் செய்தார். நம் திருச்சியில் செருப்புத் தைக்கும் அருந்ததியர் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றி 2006-இல் 'செருப்பு' எடுத்தார். பெயர் வைப்பதிலேயே ஊர் முகம் சுளிக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார் போல.

காட்டினால் என்ன ஆகும் என்பதற்குத் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' இருக்கிறது. 2015-இல் மதுரையில் மலக்குழியில் இருவர் இறந்தது அவரை அந்தப் படத்துக்குக் கொண்டு போனது. 2017-இல் படம் வெளியானபோது பல ஊர்களில் திரையிடப் போலீஸ் அனுமதி கொடுக்கவில்லை. அதே வருடம் ஜூலையில் 2009-ஆம் வருடத்து வழக்கு ஒன்றைத் தோண்டி எடுத்து அவரைக் கைது செய்தார்கள். விடுதியில் பாம்பு கடித்து இறந்த தலித் மாணவருக்காக, மாணவியாக இருந்தபோது போராடிய வழக்கு. மண்டபத்தில் போட விடாத படத்தை யூடியூபில் லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள்.

நம்மவர் எடுத்தால் எப்படி இருக்கும் என்று தம்பி கேட்டான். நாகராஜ் மஞ்சுளேயின் கதையைச் சொன்னேன். மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் மாவட்டத்துக்காரர். கல் உடைக்கும் வடார் சமூகம். மராத்தியில் எம்.ஏ. படித்துவிட்டு, அகமத்நகரில் ஒரு கல்லூரியில் ஊடகப் படிப்பில் சேர்ந்தார். பாடத்துக்காகக் கட்டாயம் ஒரு படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் போக ஏங்கும் சிறுவனைப் பற்றி 'பிஸ்துல்யா' என்ற குறும்படத்தை எடுத்தார். கால்மணி நேரம்தான். முதல் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. பிறகு 2013-இல் அவர் எடுத்த 'ஃபண்ட்ரி'யில், பன்றி பிடிக்கும் குடும்பத்துப் பையன் தன்னைக் கேலி செய்தவர்கள் மீது கல் எறிவான். கடைசிக் கல் நேராகக் கேமராவை நோக்கி வரும். அது பார்க்கிறவர் நெற்றிக்கு வருகிற கல்.

"அப்ப மூக்கைப் பொத்துனா பத்தாது, தலையையும் மறைச்சுக்கணும்" என்றான் தம்பி. எல்லாரும் சிரித்தோம். அவன் சமாதானமாகிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். கலெக்டர் படம் ஒன்று எடுக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறான். எடுக்கட்டும், அதுவும் வேண்டும்.

மாணவி மட்டும் கிளம்பாமல் நின்றார். அம்மாவின் வேலையைச் செல்போனில் எடுக்கலாமா என்று கேட்டார். "என்னைக் கேக்காத, அம்மாவைக் கேளு" என்றேன்.

அம்மா ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். "நீ படிக்கப் போறது இதைக் காட்டவா? எம் மொகத்தைப் போட்ட, உனக்கு மாப்பிள்ளை கேக்க வர்றவன் வாசலோட திரும்பிடுவான்." மகள் வாதாடிப் பார்த்திருக்கிறார். மாரியம்மாள் நடிக்கவில்லையா என்று கேட்டிருக்கிறார். "அவுங்க மவ அந்தக் காலேஜுல படிக்கலையே" என்றாராம் அம்மா. இதற்கு என்னிடமும் பதில் இல்லை. துணிச்சல் என்று நாம் மேடையில் பேசுவதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று அந்தம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் பேச்சு அதோடு முடியவில்லை. இரண்டு நாள் கழித்துச் சோறு போடும்போது அம்மாவே ஆரம்பித்திருக்கிறார். "எடுக்கணும்னா என்னை எதுக்கு எடுக்குற? போடுறவங்களை எடு. எங்க கண்ணுக்குத் தெரியறதை எடு."

மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுங்கள் என்று ஊராட்சி ஒட்டிய நோட்டீஸ் எல்லாத் தெருவிலும் இருக்கிறது. பிரிப்பது யார்? வண்டியோடு வரும் தூய்மைக் காவலர்தான். சோற்றுக்குள் பிளேடு இருக்கும், காய்கறித் தோலுக்குள் உடைந்த பாட்டில் இருக்கும். பிள்ளைக்குக் கட்டிய பேம்பர்ஸை உருட்டி அதே பையில் போட்டிருப்பார்கள். கையுறை கொடுத்தால் பத்து நாளில் கிழிந்துவிடும், அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நகரங்களை மனதில் வைத்து 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளில், டயப்பர், நாப்கின் போன்றவற்றைத் தனியே பொதிந்துதான் கொடுக்க வேண்டும், பொதிவதற்கான உறையைத் தயாரிக்கும் கம்பெனியே தர வேண்டும் என்று இருக்கிறது. உறையைப் பார்த்த தூய்மைக் காவலர் யாரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. உலர் கழிப்பிடம் ஒழிந்துவிட்டது என்று அரசுகள் அறிக்கை கொடுக்கலாம். பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வருவதை எந்தக் கணக்கில் வைப்பது? 2003-இல் மதுரைத் தெருவில் கிடந்தது இன்று பைக்குள் கிடக்கிறது. பையை அவிழ்ப்பது அதே கைகள்.

மாணவி எடுத்த படம் நாலு நிமிடம். கேமராவைக் குப்பை வண்டியின் விளிம்பு உயரத்தில் பிடித்திருக்கிறார். முகம் ஒன்றுகூட இல்லை. ஒரு கதவு திறக்கிறது, ஒரு கை வருகிறது, பை வந்து விழுகிறது, கதவு மூடுகிறது. அடுத்த கதவு. சில கைகள் பையை வண்டியில் வைக்கின்றன. சில கைகள் தூரத்திலிருந்தே வீசுகின்றன, பை தரையில் விழுந்து வாய் பிளக்கிறது. ஒரு கதவில் சாவித் துவாரத்துக்கு மேலே லட்சுமி படம், அதற்கும் மேலே எலுமிச்சம்பழம். இருபத்திரண்டு கதவுகளை எண்ணினேன். இடையில் பேச்சே கிடையாது, சக்கரச் சத்தமும் விசில் சத்தமும் மட்டும். யாருடைய வீடு என்று கதவை வைத்து ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் பொதுவில் போட வேண்டாம் என்று முடிவு செய்தோம். நாலு கதவுகளை வெட்டினால் போடலாம் என்று தம்பி யோசனை சொல்லியிருக்கிறான். அது இன்னும் பேச்சில் இருக்கிறது.

இதுபோல எடுக்க நினைக்கும் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி, என்ன கேமரா வேண்டும் என்பது. இருக்கிற செல்போன் போதும். பார்ப்பதற்கும் செலவில்லை. மெக்லாரனின் படங்களைக் கனடா வாரியமே தன் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, 'கக்கூஸ்' யூடியூபில் கிடைக்கிறது. நம் ஊர்களில் இல்லாதது, பார்த்த பிறகு மூக்கைப் பொத்தாதவர்களோடு உட்கார்ந்து பேச ஓர் இடம். காலனியில் பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடங்களின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, படிப்பகத்துச் சுவரில் வேட்டியைக் கட்டிப் படத்தைப் போட்டோம். அம்மா வரமாட்டார் என்று மாணவி சொல்லியிருந்தார். பாதியில் வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். இரண்டாவது முறையும் பார்த்துவிட்டு மகளிடம் கேட்டார்: "அந்த ஓட்டு வீட்டு ஆத்தா எம் பாட்டில்ல தண்ணி ஊத்துமே, அதைக் காணோம்?"

"அதை எடுத்தா நீ பாட்டிலை நீட்டுறது தெரியும்மா. உன் கை வந்துடும். நீதான் வேணாம்னியே."

அம்மா கொஞ்ச நேரம் வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "கைதானே" என்றார். "வந்துட்டுப் போவுது."

மறுநாள் கல்லூரி விடுமுறை. ஆறு மணிக்கு வண்டி கிளம்பியபோது மாணவியும் கூடப் போனார்.